வரி பூஜ்ஜியம் என்றால் ரிட்டர்னும் வேண்டாமா?

1/
போன வருஷம் ஆவணி மாசம். நைட் டியூட்டி. மணி ஒன்றரை இருக்கும். 'நெஞ்சு படபடன்னு அடிக்குது'ன்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 46. பி.பி. 170/100. இ.சி.ஜி. எடுத்தோம், நார்மல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தோம், அதுவும் நார்மல். சுகரும் நார்மல். 'என்ன டென்ஷன்?'னு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வேறு யாரும் இல்லை, என் அத்தான். பெரியப்பா மகள் அக்காவின் வீட்டுக்காரர்.

பக்கத்தில் நின்ற அக்கா ஒரு தாளை நீட்டினாங்க. வங்கியில் இருந்து வந்த கே.ஒய்.சி. படிவம். அதில் ஒரு கேள்வி: 'நீங்கள் வேறு நாட்டில் வரி செலுத்தக் கடமைப்பட்டவரா?'

(அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுறேன்.)

2/
இரண்டு பேரும் 14 வருஷம் அமெரிக்காவில் இருந்தவர்கள். அங்கேயே குடியுரிமை வாங்கியாச்சு. பிள்ளைகள் இரண்டும் அங்கே பிறந்தவை. பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் 2019-ல் சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டார்கள். அத்தான் இந்தியக் கம்பெனி ஒன்றில் சம்பள வேலை. இங்கே வரி ஒழுங்காகப் பிடிக்கிறார்கள், ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறார்.

அமெரிக்காவுக்கு? வந்த நாளில் இருந்து ஒரு ரிட்டர்ன்கூட இல்லை.

ஏன்? 'ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு சார், இங்க கட்டிட்டா அங்க ஒண்ணும் வேண்டாம்'னு ஒரு ஆடிட்டர் சொல்லியிருக்கார். சொந்தக்காரங்க சொன்னாங்க. வாட்ஸ்அப் குரூப்பும் சொல்லுச்சு.

3/
இன்னொரு ஆளும் சொன்னான். அது நான்.

அந்தப் படிவம் வந்த அன்னிக்கே அக்கா எனக்கு போன் பண்ணினாங்க. ஓ.பி.யில் 90 பேர் காத்திருக்கிற நேரம். 'தம்பி, இதுல என்னமோ கேக்காங்க, என்ன போட?' நான் யோசிக்கவே இல்லை. 'இல்லைன்னு டிக் பண்ணிக் குடுத்துருங்கக்கா. சங்கரன்கோவில்ல வந்து எவன் பார்க்கப் போறான்?'

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வரும் பேஷண்டை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்! 'தெரியாத விஷயத்துல எப்படிங்க தைரியமா மருந்து சொல்றாங்க?'ன்னு கேட்டவன். அன்னிக்கு நானும் அதைத்தான் பண்ணினேன். இந்தத் த்ரெட் அதற்கான பிராயச்சித்தம்.

4/
நான் வெறும் எம்.பி.பி.எஸ். ஆடிட்டர் கிடையாது. யாருடைய ரிட்டர்னையும் போட்டுத் தர வரலை. ஆனா ஒரே ஒரு பொய்யை உடைக்க வந்திருக்கேன்:

'இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, அதனால ஃபைல் பண்ண வேண்டாம்.'

இது தப்பு. அந்த ஒப்பந்தம் உங்களை இரண்டு தடவை வரி கட்டுவதில் இருந்துதான் காப்பாற்றும். கணக்குக் காட்டுவதில் இருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால், கணக்குக் காட்டினால்தான் அது உங்களைக் காப்பாற்றவே செய்யும்.

5/
இது யாருக்கு?

அமெரிக்கக் குடியுரிமையோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு. கிரீன் கார்டை பீரோவில் வைத்துக்கொண்டு இங்கே வாழ்பவர்களுக்கு. அங்கே பிறந்து இங்கே வளரும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு. 'எம்மவன் அமெரிக்காவுல இருக்கான்'னு சொல்லி, அவன் பெயரையும் சேர்த்து ஜாயின்ட் அக்கவுண்ட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு.

ஆடித்தபசுக்குத் தேரடியில் ஒரு மணி நேரம் நில்லுங்க. இந்த நாலு வகையிலும் ஆள் பார்த்துவிடலாம்.

6/
முதலில் அடிப்படை.

இந்தியா உட்பட உலகில் பெரும்பாலான நாடுகள் 'நீ எங்கே வாழ்கிறாய்' என்று பார்த்து வரி போடுகின்றன. நீங்கள் துபாயில் வேலை பார்த்தால் அந்தச் சம்பளத்துக்கு இந்தியா வரி கேட்காது.

அமெரிக்கா அப்படி இல்லை. 'நீ யாருடைய குடிமகன்' என்று பார்க்கும். நீங்கள் சங்கரன்கோவிலில் வாழ்ந்தாலும் சரி, நிலாவில் வாழ்ந்தாலும் சரி, உங்கள் உலக வருமானம் மொத்தத்துக்கும் கணக்கு கேட்கும். இப்படி வெளிநாட்டில் வாழும் குடிமக்களின் வருமானத்தைத் துரத்தும் இன்னொரு நாடு என்று பொதுவாகச் சொல்லப்படுவது எரித்ரியா.

மெக்சிகோவில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர் 'இது என்ன நியாயம்?' என்று வழக்குப் போட்டார். 1924-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'வரி கேட்பது சரிதான்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நூறு வருஷமாக அதுதான் சட்டம்.

7/
அப்போ இரண்டு பக்கமும் கட்டணுமா? இங்கேதான் 'வெளிநாட்டு வரிக் கிரெடிட்' வருது. 1918-லேயே அமெரிக்கா கொண்டுவந்த ஏற்பாடு.

எங்க பாஷையில் சொல்றேன். ஒரு பேஷண்ட் காலையில் ஒரு டாக்டரிடம் போறார், பி.பி. மாத்திரை எழுதித் தர்றார். சாயந்திரம் இன்னொரு டாக்டரிடம் போறார். காலைச் சீட்டைக் காட்டினால் இரண்டாவது டாக்டர் 'சரி, இதையே சாப்பிடுங்க, டோஸ் பத்தலைன்னா கொஞ்சம் கூட்டுறேன்'னு சொல்லுவார். சீட்டைக் காட்டாவிட்டால்? அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் எழுதுவார். டபுள் டோஸ்.

கிரெடிட் என்பது அந்தச் சீட்டைக் காட்டுவது. காட்டும் இடம் உங்கள் அமெரிக்க ரிட்டர்ன். அதோடு சேரும் தாள், படிவம் 1116.

வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் சீட்டை எந்த டாக்டரும் பார்க்க முடியாது.

8/
கணக்காகப் பார்ப்போம். ஒரு வருமானத்துக்கு இந்திய வரி 30,000 ரூபாய். அதே வருமானத்துக்கு அமெரிக்க வரி 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் 22,000. அமெரிக்காவுக்குக் கட்ட வேண்டியது பூஜ்ஜியம். மிச்சம் 8,000-ஐ ஒரு வருஷம் பின்னாடியும், பத்து வருஷம் முன்னாடியும் கொண்டுபோகலாம்.

தலைகீழாக, இந்திய வரி 10,000, அமெரிக்க வரி 22,000 என்றால்? கிரெடிட் 10,000. மீதி 12,000 அங்கே கட்டணும்.

அதாவது இரண்டில் எது பெரியதோ, மொத்தச் சுமை அது. கிரெடிட் தள்ளுபடி கிடையாது, சலுகையும் கிடையாது. கட்டியதற்கு மட்டும் வரவு.

சம்பளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததில் 2025-ம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்குக் கேட்கலாம், படிவம் 2555. வட்டிக்கும் வாடகைக்கும் இது ஆகாது. கவனிங்க, 'கேட்கலாம்'. தானாக வராது. கேட்பதற்கும் ரிட்டர்ன்தான் போடணும்.

9/
'அப்போ அந்த இந்திய அமெரிக்க ஒப்பந்தம் எதுக்கு?'

1989 செப்டம்பர் 12-ல் கையெழுத்தானது. அதன் 25-வது பிரிவு இரட்டை வரி நிவாரணம். அதிலும் சொல்லியிருப்பது கிரெடிட் தருவேன் என்றுதான். ரிட்டர்ன் வேண்டாம் என்று ஒரு வரியும் இல்லை.

இன்னொரு விஷயம். அதே ஒப்பந்தத்தின் முதல் பிரிவிலேயே, சில விதிவிலக்குகள் தவிர, தன் குடிமக்களுக்கு ஒப்பந்தமே இல்லாதது போல வரி போடும் உரிமையை அமெரிக்கா எடுத்து வைத்துக்கொண்டது. 'ஒப்பந்தம் இருக்கு'ன்னு மீசையை முறுக்கும் ஆடிட்டர்கள் முதல் பிரிவைத் தாண்டி வாசித்தார்களா, முதல் பிரிவையே வாசித்தார்களா என்று தெரியலை.

10/
இனி வருவதுதான் நம்ம ஊர்க்காரர்கள் விழும் குழி.

கட்டிய வரிக்குத்தான் கிரெடிட் என்று பார்த்தோம். அப்போ இந்தியாவில் வரியே இல்லாத வருமானத்துக்கு?

கரிசல் காட்டைக் குத்தகைக்கு விட்டு வரும் பணம், இங்கே விவசாய வருமானம், வருமான வரி கிடையாது. பி.பி.எஃப். வட்டி, வரி கிடையாது. என்.ஆர்.இ. டெபாசிட் வட்டி, வரி கிடையாது. 'வரி இல்லாத பணம்தானே, எதுக்குச் சொல்லணும்?'னு விட்டுடுறோம்.

அமெரிக்கப் பார்வையில் இது மூன்றுமே வருமானம். இங்கே கட்டிய வரி இல்லாததால், அதுக்கு எதிரே வைக்கக் கிரெடிட்டும் இல்லை. வேறு வருமானத்தில் இருந்து அதே வகையில் மிச்சக் கிரெடிட் இருந்தால் ஒழிய, அங்கே வரி விழும்.

இந்தியாவில் வரி இல்லை என்பதால்தான் அமெரிக்காவில் வரி வருது. திருப்பிப் படிங்க.

11/
இது ஏழை எளிய ஊர்க்காரனுக்கு மட்டும் வரும் குழப்பம் என்று நினைக்காதீங்க. போரிஸ் ஜான்சன் தெரியும்ல? பிறந்தது நியூயார்க். ஐந்து வயதில் அமெரிக்காவை விட்டுப் போனவர். லண்டனில் தன் வீட்டை விற்றார். பிரிட்டனில் சொந்தக் குடியிருப்பு வீட்டை விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. வரி இல்லை, அதனால் கிரெடிட் இல்லை. அமெரிக்கா பில் அனுப்பியது. அப்போது அவர் லண்டன் மேயர். 2014-ல் 'கட்ட மாட்டேன்' என்று பேட்டி கொடுத்தார். சில மாதங்களில் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டார். 2016-ல் குடியுரிமையையே விட்டுவிட்டார்.

லண்டன் மேயருக்கே இந்தக் கதி. நம்ம அத்தான் எந்த மூலைக்கு?

12/
இப்போ எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன்.

'டாக்டர், கணக்குப் போட்டுப் பார்த்தா எனக்கு வரி பூஜ்ஜியம். அப்புறம் ஃபைல் பண்ணா என்ன, பண்ணாட்டி என்ன?'

ஒன்று: பூஜ்ஜியம் ஆவதே விலக்கையும் கிரெடிட்டையும் கேட்ட பிறகுதான்.

இரண்டு: ரிட்டர்ன் போட்டால் பொதுவாக மூன்று வருஷத்தில் அந்த வருஷக் கணக்கை மூடிவிடலாம். போடாவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்காது. 2019-ஐ 2039-லும் தோண்டலாம்.

மூன்று: ஃபைல் பண்ணும் வரம்பு நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வு. தனி ஆளுக்கு 2025-ல் 15,750 டாலர். ஆனால் நீங்கள் அமெரிக்கர், உங்கள் துணை இந்தியர், தனித்தனியாக ஃபைல் பண்ணுகிறீர்கள் என்றால் வரம்பு 5 டாலர். ஐந்தாயிரம் இல்லை, ஐந்து. சுயதொழில் என்றால் 400 டாலர்.

13/
நாலாவது காரணம் தனியாகச் சொல்லணும். வரியே இல்லாவிட்டாலும் அபராதம் உள்ள படிவம் ஒன்று இருக்கு. பெயர் எஃப்பார்.

அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் வங்கிக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டி, வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் இதைப் போடணும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் எட்டரை லட்சம். ஒரு எஃப்.டி., ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு பி.பி.எஃப். சேர்ந்தால் சாதாரணக் குடும்பமே தாண்டிவிடும். இது வரிப் படிவமே இல்லை. 1970-ம் வருஷத்து வங்கி ரகசியச் சட்டத்தின் கீழ் வருவது. காட்ட வேண்டியது இருப்பு மட்டும்.

14/
இங்கேதான் நம்ம பெரியவர்கள் வர்றாங்க.

'எனக்கு ஏதாவது ஆயிட்டா பையன் எடுத்துக்கட்டும்'னு அப்பா தன் எஃப்.டி.யில் அமெரிக்காவில் இருக்கும் மகனை ஜாயின்ட் ஆகச் சேர்க்கிறார். பணம் அப்பாவுடையது. பென்ஷன் பணம். மகன் ஒரு பைசா தொட்டதில்லை. ஆனால் மகன் பெயர் இருப்பதால், மகனுடைய எஃப்பாரில் அந்தக் கணக்கும் வரணும். மகனுக்கே இது தெரியாது. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

பெரியவங்களே, பையன் பெயரைச் சேர்ப்பது தப்பில்லை. சேர்த்ததை அவனிடம் சொல்லுங்க. கணக்கு எண்ணும், அந்த வருஷத்தில் இருந்த அதிகபட்ச இருப்பும் வருஷா வருஷம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் போயிடும். குட் மார்னிங் மெசேஜ் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் போதும்.

15/
'போடாட்டி என்ன ஆகும்?'

பிட்னர் என்று ஒருவர். ருமேனியாவில் பிறந்து, அமெரிக்கா போய், குடியுரிமை வாங்கி, 1990-ல் சொந்த நாட்டுக்கே திரும்பியவர். நம்ம ஆட்கள் மாதிரியே. எஃப்பார் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்றார். 5 வருஷத்தில் காட்டாமல் விட்ட கணக்குகளுக்காக அரசு கேட்ட அபராதம் 27.2 லட்சம் டாலர். கணக்கு ஒன்றுக்கு 10,000 வீதம் 272 தடவை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் ஐந்துக்கு நாலு என்ற நூலிழையில் தீர்ப்பு: கணக்குக்கு ஒன்று கிடையாது, படிவத்துக்கு ஒன்று. 27.2 லட்சம் 50,000 ஆனது.

'தெரியாமல் விட்டவர்' என்ற நிலையிலேயே இது. தெரிந்தே மறைத்தால் கணக்கில் உள்ள பணத்தில் பாதி வரைகூடப் போகலாம்.

16/
'சங்கரன்கோவில்ல எவன் பார்க்கப் போறான்?' நான் கேட்ட அதே கேள்வி.

பதில்: உங்கள் வங்கிதான். 2010-ல் ஃபாட்கா என்ற சட்டத்தை அமெரிக்கா போட்டது. 2015 ஜூலை 9-ல் இந்தியா அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதன்படி நம்ம வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அமெரிக்கத் தொடர்புள்ள கணக்குகளை இந்திய வருமான வரித்துறைக்குச் சொல்லணும். அங்கிருந்து தகவல் அமெரிக்க வரித்துறைக்குப் போகும். படிவத்தில் 'பிறந்த நாடு' என்று ஒரு கட்டம் இருக்கே, அது ஜாதகம் பார்க்க இல்லை.

17/
இப்போ நான் சொன்ன ஆலோசனையின் லட்சணத்தைப் பாருங்க.

அக்கா அதுவரை விட்டது எல்லாம் அறியாமை. அறியாமைக்கு அங்கே மன்னிப்பு இருக்கு, பின்னாடி சொல்றேன். ஆனால் என் பேச்சைக் கேட்டு, கேள்வியைப் படித்துப் பார்த்து, 'இல்லை'ன்னு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தால்? அந்த நிமிஷத்தில் அறியாமை போய், மறைத்தல் வந்துவிடும். ஒரே ஒரு டிக். தம்பி டாக்டர் சொன்னான் என்று எங்கேயும் போய் நிற்க முடியாது.

நல்லவேளை, அக்கா என் பேச்சைக் கேட்கலை. 'பொய்க் கையெழுத்துப் போட மனசு வரலடா'ன்னு தாளை அப்படியே வைத்துவிட்டாங்க. அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தானுக்கு அன்னிக்கு ராத்திரி படபடப்பு.

18/
என் சக மருத்துவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் இருந்து திரும்பி, ஊரில் கிளினிக் போட்டு உட்காரும் சீனியர்களே, இது உங்களுக்கு.

சொந்த கிளினிக் என்றால் நீங்கள் சுயதொழில் செய்பவர். வருமான வரியைக் கிரெடிட்டோ விலக்கோ வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிடலாம். ஆனால் சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம் தனியாக இருக்கு, அவர்களுடைய சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்குப் போவது. கிரெடிட்டும் 1,30,000 டாலர் விலக்கும் அதைத் தொடாது. கிளினிக்கில் செலவு போக 20 லட்சம் நின்றால் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் அங்கே கட்டணும். இந்திய வரி அதற்கு மேலே தனி.

ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா என்று பல நாடுகள் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு இதைத் தவிர்த்துவிட்டன. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி ஒன்று இல்லை. இதே ஒப்பந்தம் இல்லாததால்தான், ஹெச்1பி விசாவில் போன நம்ம பிள்ளைகள் பத்து வருஷத்துக்கான கிரெடிட் சேராமல் திரும்பினால், அங்கே கட்டிய சோஷியல் செக்யூரிட்டிப் பணத்துக்குப் பென்ஷன் கிடைக்காமல் போகிறது. போகும்போதும் நஷ்டம், வரும்போதும் நஷ்டம்.

19/
'எனக்குக் குடியுரிமை இல்ல டாக்டர், கிரீன் கார்டுதான். அதுவும் எக்ஸ்பயர் ஆயிடுச்சு.'

அட்டை காலாவதி ஆனால் வரிக்கடமை காலாவதி ஆகாது. படிவம் ஐ-407 கொடுத்து முறையாகத் திருப்பி ஒப்படைக்கும் வரை, அல்லது அவர்களே முறைப்படி ரத்து செய்யும் வரை, வரிக் கணக்கில் நீங்கள் அமெரிக்கவாசிதான்.

'பிள்ளைக்கு என்ன வருமானம்?'

தாத்தா பேரன் பெயரில் போட்ட எஃப்.டி.யின் வட்டி. 2025-ல் அது 1,350 டாலரைத் தாண்டினால் பிள்ளைக்கே தனி ரிட்டர்ன் உண்டு. பிள்ளை பெயரில் கணக்குகள் 10,000 டாலரைத் தாண்டினால் பிள்ளைக்கும் எஃப்பார், பெற்றோர் போடணும்.

மியூச்சுவல் ஃபண்டு இதைவிடத் தலைவலி. அமெரிக்கா அதைத் தனி ரகமாகப் பார்க்குது. சிறு முதலீட்டுக்குச் சில விலக்குகள் போக, ஃபண்டுக்கு ஒரு படிவம் 8621, அடிக்கிற வரியும் கடுமை. அங்கே பிறந்த பிள்ளைக்கு எஸ்.ஐ.பி. தொடங்கும் முன் கேட்டுட்டுத் தொடங்குங்க.

20/
இனி வலுவான எதிர்க்கேள்வி. 'சட்டமே அநியாயம். அதுக்கு எதுக்கு டாக்டர் நீங்க வக்காலத்து?'

அநியாயம்தான். வக்காலத்து இல்லை. அங்கே ஒரு ரோடும் மிதிக்காத, ஒரு ஆஸ்பத்திரிக்கும் போகாத, சங்கரன்கோவில் நகராட்சிக்கு வீட்டு வரி கட்டும் ஒரு குடும்பத்திடம் ஏழு கடல் தாண்டிக் கணக்கு கேட்பதில் என்ன நியாயம்? அக்கா குடும்பம் கடைசியில் கட்டிய அமெரிக்க வரி பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தைத் தாளில் எழுதித் தருவதற்குக் கொடுத்த ஃபீஸ் என் இரண்டு மாதச் சம்பளம். ஒரு பைசா வரி வராத இடத்தில் இவ்வளவு பயமும் செலவும் வைக்கிற சட்டத்தை வேறு என்னன்னு சொல்றது?

ஆனால், ஃபைல் பண்ணாமல் இருப்பது போராட்டம் இல்லை. அது ஒளிஞ்சுக்கிறது. போரிஸ் ஜான்சன் மாதிரி குடியுரிமையையே தூக்கி எறியணும்னு நினைத்தாலும், கடைசி ஐந்து வருஷ வரிக் கணக்கு ஒழுங்கு என்று படிவம் 8854-ல் உறுதி சொல்லணும். வெளியே போகிற கதவும் ரிட்டர்ன் வழியாகத்தான் திறக்குது.

21/
அதனால் நான் கோபப்படுவது மூன்று இடத்தில்.

அமெரிக்க அரசிடம்: வாழும் இடத்தை வைத்து வரி போடுங்க. உலகமே அப்படித்தான் பண்ணுது.

நம்ம அரசிடம்: ஃபாட்காவுக்குக் கையெழுத்துப் போட்டு அவர்கள் கேட்ட தகவலைக் கொடுத்தாச்சு. பதிலுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை வாங்கித் தாங்க.

நம்மகிட்ட: ஆடிட்டரோ, வங்கி ஊழியரோ, டாக்டர் தம்பியோ, தெரியாவிட்டால் 'தெரியாது, தெரிஞ்சவரிடம் கேளுங்க' என்று சொல்லிப் பழகுவோம். 'ஒண்ணும் வேண்டாம்' என்பதும் ஒரு பிரிஸ்கிரிப்ஷன்தான். அதுக்கும் சைடு எஃபெக்ட் உண்டு.

22/
ஏற்கனவே விட்டவங்க என்ன பண்ணணும்? பயப்படாதீங்க.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கென்று 'ஸ்ட்ரீம்லைன்ட்' என்று ஒரு வழி இருக்கு. கடைசி 3 வருஷ ரிட்டர்ன், 6 வருஷ எஃப்பார், தெரியாமல்தான் விட்டேன் என்று காரணத்தோடு ஒரு உறுதிமொழி, படிவம் 14653. வரி ஏதாவது வந்தால் வட்டியோடு கட்டணும். அபராதம் கிடையாது. நிபந்தனைகள் உண்டு. முக்கியமானது, உண்மையிலேயே தெரியாமல் விட்டிருக்கணும், அவர்கள் விசாரணையைத் தொடங்கும் முன் நீங்களே போகணும். இந்த வழி என்றைக்கும் திறந்திருக்கும் என்று அவர்கள் எழுதித் தரவும் இல்லை.

சுகர் மாதிரிதான். சீக்கிரம் வந்தால் மாத்திரை. காலில் புண்ணோடு வந்தால் எங்க கையில் இல்லை.

23/
சுருக்கமாக:

• வங்கிப் படிவத்தில் பொய் டிக் போடாதீங்க. யார் சொன்னாலும்.
• அமெரிக்கக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர். நம்ம கணக்கு ஏப்ரல் முதல் மார்ச். வட்டிச் சான்றுகளை இரண்டுக்கும் தனியாக வாங்கி வைங்க.
• வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்களுக்கு ஃபைல் பண்ண ஜூன் 15 வரை தானாகவே நேரம் உண்டு. வரி இருந்தால் வட்டி ஏப்ரல் 15-ல் இருந்து ஓடும். எஃப்பாருக்குக் கடைசி அக்டோபர் 15.
• இந்தியாவில் கட்டிய வரிக்கான ரசீது, ரிட்டர்ன் நகல், படிவம் 16 எல்லாம் ஒரே ஃபைலில் வைங்க. அதுதான் உங்கள் 'காலைச் சீட்டு'.
• அமெரிக்காவில் இருந்து வருமானம் வந்து அங்கே வரி பிடித்திருந்தால், அதுக்கு இந்தியாவில் கிரெடிட் கேட்கவும் தனிப் படிவம் உண்டு. 2017-ல் அதற்காக வந்தது படிவம் 67. இங்கேயும் கேட்டால்தான் கிடைக்கும்.
• உங்கள் ஆடிட்டரிடம் ஒரே கேள்வி கேளுங்க: 'நீங்க இதுவரை எத்தனை அமெரிக்க ரிட்டர்ன் போட்டிருக்கீங்க?' பதில் பூஜ்ஜியம் என்றால் அவர் நல்லவர்தான், ஆனால் இந்த நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட் இல்லை. நானே ஹார்ட் கேஸை திருநெல்வேலிக்குத்தான் அனுப்புறேன்.

24/
அக்கா வங்கிப் படிவத்தில் 'ஆம்' என்று டிக் போட்டுக் கொடுத்தாங்க. தை மாசம் எல்லாத் தாளும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அந்த உறுதிமொழியில் 'ஏன் விட்டீர்கள்?' என்று கேட்ட இடத்தில் நடந்ததை அப்படியே எழுதினாங்க. எழுத முடிந்தது. ஏன்னா மறைக்க ஒண்ணும் இல்லை.

அத்தான் போன வாரம் ஓ.பி.க்கு வந்தார். பி.பி. 130/84. மாத்திரை எழுதலை. உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டாங்க: 'ஏ தம்பி, பெரியவனுக்கு எஸ்.ஐ.பி. ஒண்ணு போடலாம்னு பார்க்கோம், போடலாமா?'

'எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.'


அரசு மருத்துவர், சங்கரன்கோவில்